கல்யாண நாளைப் படத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டும் ஒரே மண்டபத்தில். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான கல்யாணங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கீழே உள்ள பதில்கள் அந்த அமைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் சடங்கு மாறும். உங்கள் வீட்டு முறைக்கு ஏற்ப நேரங்களைக் கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொள்ளுங்கள்.

நல்ல போட்டோகிராஃபராகப் பார்த்துப் பேசி முடித்துவிட்டோம். இனி எங்களுக்கு என்ன வேலை?

படத்துக்கு வேண்டிய மூன்று விஷயங்கள் அவர் கையில் இல்லை. நேரம் மேக்கப் போடுபவரிடமும் ஐயரிடமும் இருக்கிறது. வெளிச்சம் டெக்கரேட்டரிடம் இருக்கிறது. நின்று எடுக்க இடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் சித்தப்பா, மாமா, அத்தைகள் கையில். கல்யாணத்தன்று காலையில் முதன்முதலாக மண்டபத்துக்குள் வருகிற ஒருவர் இவர்களிடம் போய், "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றால் எத்தனை பேர் கேட்பார்கள்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள், அதுவும் முன்கூட்டியே.

எவ்வளவு நாள் முன்னால் புக் செய்ய வேண்டும்?

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அதே வாரத்தில். ஆடியும் மார்கழியும் போய்விடுகின்றன, புரட்டாசியையும் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். அதனால் மிச்ச மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில் எல்லோரும் போய் விழுகிறார்கள். அதில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் ஒரே ஆளைப் பல வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேசும்போது மறக்காமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "இந்தப் படங்களை எடுத்தவரேதான் எங்கள் கல்யாணத்துக்கு வருவாரா?" ஒரே நாளில் மூன்று ஆர்டர் எடுக்கும் ஸ்டுடியோக்கள் இரண்டுக்கு வெளியாட்களை அனுப்புவது வழக்கம். யார் வருவார் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

மண்டபம் பார்க்கப் போகும்போது படத்துக்காக எதைக் கவனிப்பது?

முதலில், எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது முக்கியம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போய் எல்லா விளக்கையும் போடச் சொல்லிப் பார்த்தால் எந்த மண்டபமும் அழகாகத்தான் இருக்கும். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு என்றால், ஒரு நாள் காலை ஒன்பதரைக்கே போங்கள். மணமக்கள் உட்காரப்போகும் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, முன்னாலிருந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். முகம் கறுத்து, பின்னால் ஜன்னல் வெள்ளையாக வெடித்துத் தெரிந்தால், அன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். மேடைக்குப் பின்சுவரில் ஜன்னலோ கண்ணாடிக் கற்களோ இருந்தால் கனமான திரை போட்டு முழுக்க மறைக்கச் சொல்லி டெக்கரேட்டரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெரும்பாலும் மணமக்களைக் கிழக்குப் பார்த்து உட்காரவைப்பார்கள். அவர்களுக்கு எதிரே கிழக்கில் பெரிய வாசல் இருந்தால் காலை வெயில் முகத்தில் வந்து விழும். அதற்கு ஈடான விளக்கு எதுவும் வாடகைக்குக் கிடைக்காது.

அடுத்தது கூரை. போட்டோகிராஃபர் ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பி, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுப்பார். முகத்தில் கடுமையான நிழல் விழாமல் இருக்க அதுதான் வழி. பத்துப் பன்னிரண்டு அடி உயர வெள்ளைக் கூரையில் இது நன்றாக வேலை செய்யும். இருபது அடிக்கு மேல் போனால் வெளிச்சம் திரும்பி வராது. கூரை தாழ்வாக இருந்தாலும் அதில் மஞ்சள் அல்லது ரோஸ் நிறத் துணி கட்டிவிட்டால், திரும்பி வரும் வெளிச்சமும் அந்த நிறத்தையே சுமந்துவரும். மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். மேடைக்கு மேலே மட்டுமாவது வெள்ளை அல்லது இளஞ்சந்தனத் துணி என்று முடிவு செய்யுங்கள்.

மேடையின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்திரைக்கும் மணமக்களுக்கும் இடையே நான்கு அடியாவது, அவர்களுக்கு முன்னால் மேடை விளிம்பு வரை எட்டு அடியாவது வேண்டும். பின்னால் இடம் இல்லையென்றால் தலையின் நிழல் திரையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். முன்னால் இடம் இல்லையென்றால் எல்லாப் படமும் அகலக் கோண லென்ஸில்தான் எடுக்க வேண்டிவரும், ஓரத்தில் நிற்பவர்கள் பருமனாகத் தெரிவார்கள். மணப்பெண் அறை மேடையிலிருந்து எத்தனை படி, எத்தனை அடி என்பதையும் பாருங்கள். கூறைப்புடவை மாற்றப் பெண் அங்கே போய்வர ஆகும் நேரம் அதைப் பொறுத்தது.

முகூர்த்த நேரத்தைப் பொறுத்துப் படம் மாறுமா?

நிறையவே மாறும். 4.30–6 முகூர்த்தம் என்றால் பெரும்பாலும் இருட்டு. சென்னையில் சூரிய உதயம் ஜூனில் 5.45-ஐ ஒட்டியும், ஜனவரியில் 6.30 தாண்டியும் இருக்கும். மணப்பெண்ணை நள்ளிரவு ஒரு மணிக்கு மேக்கப்புக்கு உட்காரவைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் இரவு பத்தரை வரை ரிசப்ஷனில் நின்றிருப்பாள். கண்ணுக்குக் கீழே தெரியும் களைப்பை எந்தப் பவுடரும் மறைக்காது. இந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ரிசப்ஷனைக் கல்யாணத்துக்கு மறுநாளோ, அன்று மாலையோ வைத்துக்கொள்வது நல்லது. தனிப்படங்களைத் தாலி கட்டிய பிறகு, ஏழு மணி வெயிலில் எடுத்துக்கொள்ளலாம்.

6–7.30 முகூர்த்தத்தில் சடங்கு முடிகிற நேரத்துக்கு வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். எல்லோரும் டிபனுக்கு ஓடுவதற்கு முன் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டால் போதும்.

9–10.30தான் படத்துக்கு வசதியானது. ஏழிலிருந்து எட்டரை வரை சாய்வான மென்மையான வெயில் கிடைக்கும், அலங்காரமும் கலையாமல் இருக்கும். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு, பஞ்சாங்கத்தில். கல்யாணம் திங்கட்கிழமை என்றால் 7.30–9 ராகு காலம். "இந்த நேரத்தில் பெண்ணை வெளியே கொண்டுவராதே" என்று பாட்டி சொன்னால் அன்றைய வெளிப்படத் திட்டம் அதோடு சரி. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் 4.30–6 ராகு காலம், அதாவது பொன்வெயில் நேரத்தையும் பிடித்துக்கொள்ளும். இப்படி அமைந்தால் காலைப் படங்களை 6.45-க்கும் 7.30-க்கும் நடுவில் முடிக்கத் திட்டமிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். போட்டோகிராஃபருக்கு உங்கள் வீட்டு நம்பிக்கை தெரியாது.

காலை அட்டவணை எப்படிப் போடுவது?

தாலி கட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தாலி 9.45-க்கு என்று வைத்துக்கொள்வோம்.

மணப்பெண் மேடைக்கு வர வேண்டியது 8.30. அதற்கு முன் கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத இடைவெளி. தண்ணீர் குடிக்க, பூ சரிசெய்ய, அம்மா நகையை இன்னொரு தரம் எண்ண. ஆக 8.15. பெற்றோர், உடன்பிறந்தவர்களோடு படங்கள் 7.45 முதல் 8.15 வரை. பெண் மட்டும் தனியாக 7.15 முதல் 7.45 வரை. எனவே புடவை கட்டி முடிக்க வேண்டியது 7.10. மேக்கப் ஒன்றரை மணி நேரம், ஜடையும் பூவும் முக்கால் மணி, புடவை அரை மணி. கூட்டினால் இரண்டே முக்கால் மணி நேரம். நாற்காலியில் உட்கார வேண்டியது 4.25. குளித்துவிட்டு வந்து 4.25, எழுந்திருப்பது அல்ல.

மாப்பிள்ளைக்கு முக்கால் மணி போதும் என்பதால் அவரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அவருக்குத் தனிப்படம் ஒன்றுகூட இருக்காது. 6.30-க்கு அவர் தயாராகிவிட்டால், பெண் புடவை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் படங்கள் முடிந்துவிடும்.

மேக்கப்புக்கு அம்மா, அக்கா, தங்கை, அத்தை என்று இன்னும் நான்கு பேர் அதே ஆளிடம் உட்காரத் திட்டமிட்டிருந்தால் உதவியாளர் எத்தனை பேர் வருவார்கள் என்று கேளுங்கள். காலைத் தாமதம் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். மணப்பெண்ணை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

கூறைப்புடவை மாற்றப் போன பெண் திரும்பி வரவே இல்லை என்று ஐயர் கத்துகிறார். எப்படித் தவிர்ப்பது?

பத்து நிமிடம் என்று எல்லோரும் சொல்வார்கள், அரை மணி ஆகும். அந்த இருபது நிமிடம் பின்னால் வரும் சடங்குகளிலிருந்துதான் கழியும். அம்மி மிதிப்பதும் பொரி இடுவதும் ஓட்டமாக ஓடும், படமும் அப்படியே வரும்.

புடவைக்கு முதல் நாளே கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, அயர்ன் செய்து, கிளிப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்ய இப்போது தனியாகவே ஆட்கள் இருக்கிறார்கள். ஐயர் முகூர்த்தப் புடவைக்கு மஞ்சள் தடவி, தட்டில் வைத்து ஆசீர்வதித்துத் தருவார் என்பதால் மடிப்பு கலையாமல் எடுத்துக்கொடுக்கச் சொல்லி அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜாக்கெட், பாவாடை, இரண்டு டஜன் ஊக்கு எல்லாம் அறையில் ஒரே தட்டில் இருக்கட்டும். மடிசார் என்றால் கட்டத் தெரிந்த மாமி அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், பந்தியில் அல்ல. அறைக் கதவுக்கு ஒரு காவல்: இரண்டு பெண்களுக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

தாலி கட்டும் படம் மறைந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

மூன்று முடிச்சுப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. கெட்டிமேளம் என்றதும் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு அடி முன்னால் வருவார்கள், கீழே இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், அரிசியும் பூவும் பறக்கும். இவ்வளவும் ஒன்றாக நடக்கும் என்று தெரிந்தே இடத்தைப் பிரித்துவைக்க வேண்டும்.

கேமராவுக்கு மூன்று இடம் தேவை. ஒன்று மணமக்களுக்கு நேர் முன்னால், எட்டடித் தொலைவில், தரையில் உட்கார்ந்த நிலையில். பெண் தலையைக் குனிந்திருப்பாள். நின்றுகொண்டு எடுத்தால் வகிடுதான் தெரியும், தாழ்ந்து எடுத்தால் முகம் தெரியும். இரண்டாவது, பெண் இருக்கும் பக்கத்து ஓரம். முடிச்சுப் போடும் விரல்களும், மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனார் முகமும் அங்கிருந்துதான் கிடைக்கும். மூன்றாவது, கூடத்தின் நடுப்பாதையிலிருந்து நீள லென்ஸில், அட்சதை தூவும் கூட்டத்தோடு சேர்த்து. வீடியோக்காரர் முன்பக்க இடத்தில் போட்டோகிராஃபருக்குத் தோளோடு தோள் இருக்க வேண்டும், அவருக்கு முன்னால் அல்ல. இரு குழுவும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தால் இதை முதல் நாள் இரவே பேசித் தீர்க்கச் சொல்லுங்கள்.

மேடையில் மணமக்களுக்குப் பின்னால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம்: இரு பக்கப் பெற்றோர், விளக்குப் பிடிக்கும் நாத்தனார், பெண்ணின் தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர். மற்றவர்கள் அரைவட்டமாகப் பக்கவாட்டில் நிற்கலாம். இதைச் சொல்ல, குரல் எடுபடும் தாய்மாமன் ஒருவரை நியமியுங்கள். ஊரில் அவர் சொன்னால்தான் ஆள் நகர்வார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியவை இரண்டே. தாலியைக் கையில் வாங்கியதும் மார்புக்கு நேரே இரண்டு நொடி பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டும்போது முழங்கையை உயர்த்திப் பெண்ணின் முகத்தை மறைக்காமல், கைகளைத் தாழ்த்தித் தோளுக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒரு நூலை வைத்து ஒருமுறை பழகினால் போதும்.

மாலை! கழுத்தை நிறைக்கும் கனமான ரோஜா மாலையோடு உட்காரவைத்தால் தாலி உள்ளே போய்ப் புதைந்துவிடும். மாலை மாற்றுவதற்கு அது இருக்கட்டும். தாலி நேரத்துக்குச் சற்று மெல்லிய, நீளமான சம்பங்கி மாலை நல்லது, அல்லது கட்டும்முன் மாலையைத் தோளின் விளிம்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அட்சதையை முகத்துக்கு நேரே வீசாமல் தலைக்கு மேலே தூவச் சொல்லி ஐயர் மைக்கில் ஒரு வரி சொன்னால், கண் மூடிய படங்கள் பாதியாகக் குறையும். படம் தவறிவிட்டது என்பதற்காக இன்னொரு முறை கட்டுவதுபோல் நடிக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நடிப்பு என்பதுதான் நினைவுக்கு வரும்.

எல்லோரும் செல்போனோடு முன்னால் வந்து நிற்கிறார்களே?

நுழைவாயிலில் பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிடம் முன் நாதஸ்வரம் நிற்கும் ஒரு கணத்தில், வீட்டுப் பெரியவர் மைக்கில் கேட்டுக்கொண்டால் பலன் உண்டு. முதல் வரிசையில் வயதானவர்களை உட்காரவைப்பது இன்னொரு வழி. அவர்கள் எழுந்து நிற்பது குறைவு.

ஹோமப் புகை?

ஈரமான சமித்துதான் புகைக்குக் காரணம். முதல் நாள் வெயிலில் காயவைத்த குச்சியும், அளவான நெய்யும் இருந்தால் தீ நின்று எரியும். முன்னாலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் புகையை வெள்ளைத் திரையாக்கிவிடும் என்பதால் அந்தச் சமயம் பக்க விளக்கில் எடுப்பார்கள். மேடையில் எக்சாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

ரிசப்ஷன் மேடைக்கு எல்இடி வால் (பின்னால் நிற்கும் பெரிய எல்இடி திரை) வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தெரிந்து வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு கேமரா திறந்திருக்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்று இருந்தால் கேமராவுக்கும் தெரியாது. விலை மலிவான எல்இடி வாலும் பார் லைட்டும் (மேடைக்கு நிற வெளிச்சம் அடிக்கும் விளக்கு) வேறு கணக்கில் மினுங்குவதால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும், வீடியோவில் அலையாக ஓடும். முதல் நாள் மதியமே எல்லா விளக்கையும் எரியவிட்டு, போட்டோவும் வீடியோவும் பத்து நிமிடம் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு உறுதி கிடையாது. வாலின் பிரகாசத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முழுப் பிரகாசத்தில் மணமக்கள் நிழலுருவாகத்தான் தெரிவார்கள்.

இதைவிடப் பெரிய கேடு, மேடையை நோக்கி அடிக்கப்படும் ஊதா, நீல, ரோஸ் நிற பார் லைட்டுகள். முகத்தில் விழுந்த ஊதாவைக் கம்ப்யூட்டரில் எடுக்க முடியாது. தோலின் இயல்பான நிறத் தகவலே கேமராவில் பதிவாகியிருக்காது. நிற விளக்கெல்லாம் பின்திரைக்கும் பக்கத் தூணுக்கும் போகட்டும். மணமக்கள் முகத்துக்கு இரண்டு பக்கமிருந்தும், தலைக்குச் சற்று மேலே, நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில், ஒரே நிறத்தில் இரண்டு வெள்ளை விளக்கு. ஒரு பக்கம் மஞ்சள் ஹாலஜன், மறுபக்கம் வெள்ளை எல்இடி என்று கலந்துவிடாதீர்கள்.

ரிசப்ஷன் வரிசை முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

கணக்குப் போட்டுவிடலாம். 600 பேர் வந்தால் குடும்பம் குடும்பமாக ஏறத்தாழ 200 குழு மேடை ஏறும். ஏறி, பரிசு கொடுத்து, நின்று, படம் எடுத்து, இறங்க 35 நொடி. மொத்தம் 7,000 நொடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவு. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது. இதன் நடுவில் கேக், பாட்டு, நடனம் என்று அரை மணி வைத்தால் ஒன்பதரை. பசியோடு வரிசையில் நிற்பவர்கள் படத்தில் சிரிப்பதில்லை. ஏறும் படி ஒரு பக்கம், இறங்கும் படி மறுபக்கம் என்று வைத்து, பரிசு வாங்கி வைக்க ஒரு ஆளை நிறுத்தினால் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நொடி மிச்சம்.

மணமக்கள் இருவர் மட்டுமாகப் படம் எடுக்க வரவேற்புக்குப் பிறகு என்று நினைக்காதீர்கள், முடியாது. அதற்கு முன்பே, மாலை வெயிலில் முடியுங்கள். சென்னையில் சூரியன் மறைவது நவம்பரில் 5.40-ஐ ஒட்டி, ஜூனில் 6.35-ஐ ஒட்டி. அதற்கு ஒரு மணி நேரம் முன் இருவரும் அலங்காரத்தோடு தயாராக வேண்டும்.

குரூப் போட்டோவுக்குப் பட்டியல் தேவையா?

கண்டிப்பாக. ஒரு சாதாரணக் குழுவுக்கு இரண்டு நிமிடம், நாற்பது பேர் கொண்ட பங்காளிக் கூட்டத்துக்கு ஏழு நிமிடம். இருபது குழு என்றால் ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரம் காலையில் கிடைக்காது என்பதால் பெண் வீட்டில் எட்டு, மாப்பிள்ளை வீட்டில் எட்டு என்று சுருக்கி, மிச்சத்தை ரிசப்ஷன் மேடையிலேயே எடுத்துவிடுங்கள். வயதானவர்களும், பஸ் பிடிக்க வேண்டியவர்களும் முதலில்.

பட்டியலைப் போட்டோகிராஃபரிடம் மட்டும் கொடுத்தால் பயன் இல்லை. அவருக்குப் பெரியப்பா யார், ஒன்றுவிட்ட மாமா யார் என்று தெரியாது. இரு பக்கமும் முகம் தெரிந்த ஒருவர் கூடவே நின்று அழைக்க வேண்டும். பந்திக்குப் போய்விட்டால் கூட்டம் திரும்ப வராது. தாலி கட்டிய கையோடு, டிபனுக்கு முன். இரண்டு மூன்று வரிசையாக நிற்கும்போது பின்வரிசை மங்காமல் இருக்க அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு அளவு) 5.6-க்கும் 8-க்கும் இடையே வைப்பார்கள். அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பதால், மண்டபத்தின் முன்வாசல் போர்ட்டிகோ நிழல் இருந்தால் மேடையைவிட அது மேல்.

புடவை, மேக்கப், மருதாணி விஷயத்தில்?

பின்திரையின் நிறத்தைப் புடவை எடுத்த பிறகு முடிவு செய்யுங்கள். அரக்குப் புடவைக்குப் பின்னால் அரக்கு வெல்வெட் என்றால் நகையும் முகமும் மட்டும் காற்றில் மிதக்கும். மாப்பிள்ளைக்குப் பளீர் வெள்ளையைவிடச் சந்தன நிறப் பட்டு வேட்டி நல்லது. வெள்ளை, ஃபிளாஷில் மடிப்பே இல்லாத காகிதமாகிவிடும்.

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த, வெயிலுக்குப் பாதுகாப்பான ஃபவுண்டேஷன்களும், சிலிக்கா பவுடரும் ஃபிளாஷில் முகத்தை மட்டும் வெள்ளையடித்துக் காட்டும், கழுத்து தனியாகத் தெரியும். டிரையல் மேக்கப் அன்று விளக்கை அணைத்துவிட்டு ஃபிளாஷ் போட்டு செல்போனில் ஒரு படம் எடுங்கள், தெரிந்துவிடும். மருதாணி முழுச் சிவப்பு ஏற இரண்டு நாள் எடுக்கும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு வைத்தால் படத்தில் ஆரஞ்சாகத்தான் இருக்கும்.

கேண்டிட் (போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பது) மட்டும் போதுமா, டிரெடிஷனலும் (நிற்கவைத்து எடுப்பது) வேண்டுமா?

கேண்டிட் எடுப்பவர் அப்பாவின் கண்ணீரைத் தேடிக்கொண்டிருப்பார். ரிசப்ஷனில் ஏறும் 200 குழுவையும் ஒன்று விடாமல் எடுப்பது அவர் வேலை அல்ல. நான்கு மாதம் கழித்து "எங்க படம் எங்கே?" என்று கேட்கப்போகிறவர்கள் அந்த 200 குழுக்காரர்கள்தான். இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். 500 பேருக்கு மேல் வருகிற கல்யாணத்துக்குப் போட்டோ இருவர், வீடியோ இருவர், விளக்குப் பிடிக்க ஒருவர் என்பது நியாயமான அளவு. அதற்கு மேல் கூட்டினால் மேடையில் மணமக்களைவிட அவர்கள்தான் அதிகம் தெரிவார்கள்.

கோயிலில் தாலி கட்டினால்?

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருமணத்துக்குக் கேமரா அனுமதி உண்டா, எந்த மண்டபம் வரை, எத்தனை பேர் என்பதைக் கோயில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கருவறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. முகூர்த்த நாளில் பெரிய கோயில்களில் ஒரே மண்டபத்தில் வரிசையாகப் பல கல்யாணம் நடக்கும், உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து இருபது நிமிடம். ஸ்டாண்டு விளக்குக்கு இடம் இருக்காது. இருட்டில் எடுக்கத் தெரிந்தவரையே அழைத்துச் செல்லுங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். விமான நிலையம், ராணுவ இடம் அருகில் என்றால் தனி அனுமதி. மண்டபத்துக்குள்ளே வேண்டவே வேண்டாம். இறக்கையின் காற்றில் குத்துவிளக்கு அணைந்தால் அதைவிடப் பெரிய கலவரம் இல்லை.

கரண்ட் போனால்?

ஜெனரேட்டர் இருக்கிறது என்று மேலாளர் சொல்வார். அது தானாக மாறுமா, ஆள் போய் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ஆள் போய் மாற்றுவதற்குள் தாலி ஏறிவிடும். மேடைக்குப் பேட்டரியில் எரியும் ஒரு எல்இடி விளக்கு எப்போதும் போட்டபடி இருக்கச் சொல்லுங்கள். எல்இடி வால் திரும்ப உயிர்பெறச் சில நிமிடம் ஆகும், அதுவரை கறுப்புப் பலகைதான்.

போட்டோகிராஃபர்களுக்குச் சாப்பாடு?

கடைசிப் பந்தியில் உட்காரவைத்தால் காலை நாலரைக்கு வந்தவர் பதினொன்றரை வரை காப்பியில் ஓட்டுவார். 7.30-க்கு இருவர் இருவராக டிபன் முடிக்க இலை போடச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதி வாங்குவது?

வருபவர் பெயர், வரும் நேரம், எத்தனை படம் திருத்தித் தருவார்கள், எத்தனை நாளில், ஆல்பம் எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு. கேமராவில் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியுமா என்றும் கேளுங்கள். 4,000 படம் ரா வடிவில் (கேமரா பதிவுசெய்யும் மூல வடிவம்) நூறு ஜிபியைத் தாண்டும், 4கே வீடியோ மணிக்கு நாற்பத்தைந்து ஜிபி வரை போகும். எனவே பென் டிரைவை நீட்டாமல் ஒரு டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கிக் கொடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அம்மா வீட்டுக்கு.

உரிமை யாருக்கு என்பதில் பலருக்குக் குழப்பம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே கையெழுத்துப் போடும் தாளில் உரிமை ஸ்டுடியோவுக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் படத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்றால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.

ஆல்பம் ஏன் வருடக்கணக்கில் வராமல் இருக்கிறது?

பெரும்பாலும் தவறு வீட்டார் பக்கம். 3,000 படத்திலிருந்து 160-ஐத் தேர்ந்தெடுத்துத் தராமல் விட்டுவிடுவார்கள். 40 ஷீட் ஆல்பத்துக்கு ஷீட்டுக்கு நான்கு படம் என்ற கணக்கு அது. முதலில் மணமக்கள் இருவரும் உட்கார்ந்து 120 எடுங்கள், பிறகு இரு பக்க அம்மாக்களிடமும் ஆளுக்கு இருபது கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால் முடியவே முடியாது.

12-க்கு 36 அங்குல ஆல்பம் என்றால் விரித்தால் நடுவில் மடிப்பு வரும். முகம் அந்தக் கோட்டில் விழாமல் இருக்கிறதா என்று டிசைன் வந்ததும் பாருங்கள். உறவினர் வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பிய படம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும். 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 45 புள்ளிகூட வராது. அதை ஓரத்தில் சின்னதாகப் போடலாம்.

கல்யாணப் பதிவுக்கு எந்தப் படம்?

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அழைப்பிதழோடு திருமணப் படமும் கேட்பார்கள். ஆல்பம் வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. மாலையோடு, தாலி வெளியே தெரிய, இருவர் முகமும் நேராக இருக்கும் இரண்டு படத்தை அன்றே தனியாக எடுத்து, ஒரு வாரத்தில் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாலையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சுவர் முன் ஆளுக்கொரு பாஸ்போர்ட் அளவுப் படமும் அப்போதே எடுத்துக்கொண்டால், இன்னொரு நாள் ஸ்டுடியோவுக்கு அலைய வேண்டாம்.